டேக் ஒட்டுவது கடைசி வேலை

கேள்வி: ஐயா, நாங்கள் நடுத்தர அளவில் ஒரு கிடங்கு நடத்துகிறோம். துணிமணி, ஸ்டீல் பாத்திரம், தரை துடைக்கும் திரவம் என்று பலவகைச் சரக்கு, எல்லாம் பெட்டி கட்டி அனுப்புகிறோம். மொத்தச் சரக்கில் மூன்றில் ஒரு பங்கை எடுக்கும் வாடிக்கையாளர் நிறுவனம், அடுத்த காலாண்டு முதல் ஒவ்வொரு பெட்டியிலும், பெட்டிகளை அடுக்கும் ஒவ்வொரு பேலட்டிலும் ஆர்எஃப்ஐடி டேக் (ரேடியோ அலையில் தன் எண்ணைச் சொல்லும் சிப் உள்ள ஸ்டிக்கர்) இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பெட்டிக் கணக்கில் பணம் பிடிப்போம் என்று நாற்பது பக்க ஆவணம் அனுப்பியிருக்கிறது. கருவி விற்பவர் ஒருவரைக் கூப்பிட்டோம். பிரிண்டர், சரக்கு ஏற்றும் இடத்தில் கதவுக்குக் கதவு டேக்கைப் படிக்கும் ரீடர், சாஃப்ட்வேர் என்று அவர் கொடுத்த பட்டியலைப் பார்த்து முதலாளி பேச்சில்லாமல் உட்கார்ந்துவிட்டார். குறைந்தபட்சம் என்ன செய்தால் போதும்? இதில் எங்களுக்கும் ஏதாவது பலன் உண்டா? பின்குறிப்பு: ஏற்கெனவே கட்டி ரேக்கில் ஏற்றிவிட்ட பெட்டிகளை என்ன செய்வது?

பதில்: முதலில் அந்தப் பட்டியலை மேஜை டிராயருக்குள் வைத்துப் பூட்டுங்கள். அதில் இருப்பதெல்லாம் தேவையில்லாதவை என்று சொல்லவில்லை, ஆனால் எது தேவை என்று முடிவு செய்ய இன்னும் நேரம் வரவில்லை. இந்த மாதிரிக் கடிதம் எனக்கு வருவது புதிதல்ல, எழுதுகிற எல்லாரும் டேக்கைப் பற்றியே கேட்கிறார்கள், யாருமே எண்ணைப் பற்றிக் கேட்பதில்லை. உங்கள் வாடிக்கையாளர் கேட்பது ஸ்டிக்கர் இல்லை. லாரி அவர்களிடம் போய்ச் சேர்வதற்கு முன் நீங்கள் அனுப்பும் சரக்குத் தகவல் செய்தி இருக்கிறதே, ஏஎஸ்என் என்பார்கள், அதில் ஒரு எண் இருக்கும். பெட்டியின் மேல் அச்சடித்த பார்கோடில் ஒரு எண் இருக்கும். டேக்கின் சிப்புக்குள் ஒரு எண் இருக்கும். இந்த மூன்றும் ஒரே பெட்டியைச் சொல்ல வேண்டும், அந்தப் பெட்டி அந்த லாரியில் நிஜமாகவே இருக்க வேண்டும். அவர்கள் நாற்பது பக்கத்தில் சொல்லியிருப்பதில் பெரும்பகுதி இதுதான். பிடித்தம் போடுவதும் பெரும்பாலும் இது பிசகும்போதுதான், ஸ்டிக்கர் கிழிந்ததற்காக இல்லை.

அதனால் ஆவணத்தை ஒரு பேனாவோடு உட்கார்ந்து படியுங்கள். படித்துவிட்டு அவர்களுடைய ஆளிடம் கேட்க வேண்டியவற்றைச் சொல்கிறேன், எழுத்தில் கேளுங்கள், எழுத்தில் பதில் வாங்குங்கள். பெட்டிக்கு எந்த வகை எண் வேண்டும்? இது என்ன சரக்கு என்று சொல்லும் ஜிடின் எண்ணோடு வரிசை எண் சேர்த்த எஸ்ஜிடின் வகையா, அனுப்பும் ஒவ்வொரு பெட்டிக்கும் பேலட்டுக்கும் தனியாகக் கொடுக்கும் 18 இலக்க எஸ்எஸ்சிசி வகையா? பல சரக்கு கலந்து கட்டிய பெட்டி என்றால் எஸ்ஜிடின் பொருந்தாது, ஆனால் ஆவணத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லாமல் போவது உண்டு. அவர்கள் பெயரில் விற்கும் பொருளாக இருந்தால் எண்ணில் எந்த நிறுவனம் என்று காட்டும் பகுதி, அதாவது நிறுவன முன்னொட்டு, உங்களுடையதா, அவர்களுடையதா? அவர்களுடையது என்றால் வரிசை எண்ணை யார் ஒதுக்குவது, இன்னொரு சப்ளையரும் அதே எண்ணைப் போட்டுவிடாமல் யார் பார்த்துக்கொள்வது? டேக்குக்கு அங்கீகரிக்கப்பட்ட மாடல் பட்டியல் உண்டா? அமெரிக்காவில் ஆபர்ன் பல்கலைக்கழகத்தின் ஆர்எஃப்ஐடி ஆய்வகம் எந்த டேக் எந்த வகைப் பொருளுக்குத் தேறியது என்று சோதித்துச் சொல்கிறது, அங்கே உள்ள பெரிய சில்லறை நிறுவனங்கள் அதைத்தான் கேட்கின்றன. அந்தப் பட்டியலில் இல்லாத டேக்கை மலிவாகக் கிடைத்தது என்று வாங்கிவிட்டால் பிறகு அழுது பயனில்லை. கடைசியாக, மற்றதையெல்லாம்விட முக்கியமாக, ‘டேக் படிக்கவில்லை’ என்பதை எங்கே, எந்த ரீடரை வைத்து முடிவு செய்வார்கள்? அவர்கள் கதவில் இருக்கும் ரீடரா, கன்வேயர் மேல் இருக்கும் ரீடரா? ஒரு பேலட்டின் நடுவில் மாட்டிய திரவப் பெட்டியைக் கதவிலேயே படித்தாக வேண்டும் என்று யாராவது சொன்னால் அது இயற்பியலோடு சண்டை போடுவது, அதை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போடாதீர்கள்.

இனி அந்த எண்ணையே கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம், ஏனென்றால் நான் பார்த்த பெரிய விபத்துகள் எல்லாம் இங்கேதான் நடந்தன.

சாதாரணமாகப் புழங்கும் டேக்கில், சிப்பில் எழுதும் எண்ணுக்கு (ஈபிசி என்பார்கள்) 96 பிட் இடம். ரீடர் திரையில் அது 24 எழுத்து நீளமுள்ள ஹெக்ஸ் எண்ணாக, அதாவது 0 முதல் 9 வரையும் A முதல் F வரையும் கலந்து, தெரியும். முதல் இரண்டு எழுத்தும் 30 என்றிருந்தால் எஸ்ஜிடின், 31 என்றிருந்தால் எஸ்எஸ்சிசி. இந்த ஒன்றை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டாலே உங்கள் ஆட்கள் பாதித் தவறைக் கண்ணாலேயே பிடித்துவிடுவார்கள். எஸ்ஜிடினில் அந்த 96 பிட்டும் இப்படிப் பிரியும்: தலைப்புக்கு 8, இது கடையில் விற்கும் ஒற்றைப் பொருளா முழுப் பெட்டியா என்று சொல்லும் வடிகட்டி எண்ணுக்கு 3, நிறுவன முன்னொட்டு எங்கே முடிகிறது என்று சொல்லும் பிரிப்பு எண்ணுக்கு 3, நிறுவன முன்னொட்டும் பொருள் எண்ணும் சேர்ந்து 44, மீதி 38 பிட் வரிசை எண்ணுக்கு. 38 பிட்டில் 27 ஆயிரம் கோடிக்கு மேல் எண்ண முடியும், ஆகவே எண் தீர்ந்துபோகும் என்ற பயம் வேண்டாம். ஆனால் அங்கே எழுத்து போட முடியாது, முன்னால் பூஜ்யமும் நிற்காது. 0042 என்று உங்கள் சாஃப்ட்வேர் கொடுத்தால் டேக்கில் வெறும் 42 தான் இருக்கும். ஏஎஸ்என்னில் 0042 என்றே போனால், அந்தப் பக்கத்துக் கணினிக்கு இரண்டும் வேறு வேறு பெட்டி.

அந்த 3 பிட் பிரிப்பு எண் சிறியது, ஆனால் பொல்லாதது. நான் ஆலோசனைக்குப் போன ஒரு கிடங்கில் மூன்று வாரம் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள். டேக்கைப் படித்தால் சரியான ஜிடின் வருகிறது, பார்கோடும் சரி, வரிசை எண்ணும் சரி, ஆனால் வாடிக்கையாளர் ‘தெரியாத டேக்’ என்று திருப்பித் திருப்பிச் சொல்கிறார். விஷயம் என்னவென்றால், அவர்களுடைய நிறுவன முன்னொட்டு 9 இலக்கம். சாஃப்ட்வேர் அமைத்தவர், எல்லாருக்கும் 7 தானே என்று நினைத்து 7 என்று போட்டுவிட்டார். எண்ணைத் தவறான இடத்தில் வெட்டினாலும் மறுபடி ஒட்டிப் பார்க்கும்போது அதே ஜிடின்தான் வரும், அதனால் உள்ளே யாருக்கும் தவறு தெரியவில்லை. ஆனால் சிப்புக்குள் எழுதிய 24 எழுத்து வேறு, வாடிக்கையாளர் தரப்பு கணக்கிட்டு எதிர்பார்த்த 24 எழுத்து வேறு. ஒரு கட்டத்தில் ஒரே ஒரு இலக்கத்தை மாற்றியதும் எல்லாம் சரியாகிவிட்டது, அதற்குள் அனுப்பிய பெட்டிகளுக்குப் பணம் பிடித்து வந்த டெபிட் நோட்டுதான் திரும்பவில்லை. உங்கள் முன்னொட்டு எத்தனை இலக்கம் என்பது இந்த எண்களை ஒதுக்கும் ஜிஎஸ்1 அமைப்பு கொடுத்த சான்றிதழில் இருக்கும். ஊகிக்காதீர்கள், எடுத்துப் பாருங்கள்.

இரட்டை எண் இன்னொரு தொல்லை. இரண்டு பிரிண்டர், இரண்டு கணினி, இரண்டும் தனித்தனியாக 1 முதல் எண்ணத் தொடங்கினால் கதை முடிந்தது. ஒரே இடத்திலிருந்து எண் கொடுங்கள், இல்லை என்றால் ஒவ்வொரு பிரிண்டருக்கும் தனித்தனி எல்லை ஒதுக்குங்கள். கணினி பழுதாகிப் பழைய பேக்கப்பை மீட்டால் எண்ணும் பழைய இடத்துக்குத் திரும்பிவிடும், அப்போது கடைசியாக அச்சடித்த எண்ணைத் தாண்டி ஒரு பத்தாயிரம் தள்ளித் தொடங்குங்கள், எண்ணுக்கா பஞ்சம்? எஸ்எஸ்சிசி என்றால் அனுப்பிய நாளிலிருந்து குறைந்தது ஒரு வருஷத்துக்கு அதே எண்ணை மறுபடி பயன்படுத்தக் கூடாது என்பது ஜிஎஸ்1 விதி.

சரி, எண் ஒழுங்காயிற்று என்று வைத்துக்கொள்வோம். இப்போது, கிடங்கு வேலையில் எந்தக் கட்டத்தில் ஒட்டுவது.

2003 ஜூனில் வால்மார்ட் தன் முதல் 100 சப்ளையர்களிடம் 2005 ஜனவரிக்குள் பெட்டியிலும் பேலட்டிலும் டேக் வேண்டும் என்று சொன்னது. அதே ஆண்டு அமெரிக்கப் பாதுகாப்புத் துறையும் சப்ளையர்களிடம் டேக் கேட்டது. டேக்கும் ரீடரும் பேசிக்கொள்ள இன்று நாம் எல்லாரும் பயன்படுத்தும் ஜென்2 தரநிலைக்கு ஒப்புதல் வந்ததே 2004 டிசம்பரில், கெடுவுக்கு ஒரு மாதம் முன்னால்! அந்த அவசரத்தில் பல சப்ளையர்கள் செய்தது என்னவென்றால், கட்டி முடித்த பெட்டிகளை லாரி நிற்கும் இடத்துக்குக் கொண்டுபோய் அங்கே கையால் டேக் ஒட்டி ஏற்றிவிடுவது. ‘ஒட்டு, அனுப்பு’ என்று தொழிலில் அதற்குக் கிண்டலாகப் பெயர். கிண்டல் செய்தாலும் அது தவறான வழி இல்லை, முதல் மாதத்துக்கு அதுவே போதும். ஆனால் அதையே நிரந்தரமாக வைத்துக்கொண்டால் ஒரு பேலட்டைப் பிரித்து, சுற்றிய பிளாஸ்டிக்கைக் கிழித்து, பெட்டிகளைத் திருப்பி ஒட்டி, மறுபடி சுற்றுகிற கூலி உங்களை மெதுவாகத் தின்றுவிடும். கூடவே அவசரத்தில் ஒட்டும்போது அ பெட்டியின் டேக் ஆ பெட்டிக்குப் போகும்.

உங்களுக்கு நான் சொல்வது இது: இப்போதே ஒவ்வொரு பெட்டியிலும் அனுப்பும் முகவரி லேபிள் ஒட்டுகிறீர்கள் அல்லவா, பேக்கிங் மேஜையில்? அந்த வெறும் லேபிள் சுருளுக்குப் பதில் உள்ளே டேக் பொதிந்த லேபிள் சுருளை வாங்கி, அச்சடிக்கும்போதே சிப்பிலும் எழுதும் பிரிண்டரை அங்கே வையுங்கள். ஒரே லேபிள், ஒரே ஒட்டு, பார்கோடும் சிப்பும் ஒரே நொடியில் ஒரே தகவலிலிருந்து பிறக்கின்றன, ஆகவே இரண்டுக்கும் நடுவே சண்டை வர வாய்ப்பு மிகக் குறைவு. வேலை செய்பவருக்குக் கூடுதல் வேலை கிட்டத்தட்ட எதுவும் இல்லை. கருவி விற்பவரின் பட்டியலில் இருந்து இப்போதைக்கு நீங்கள் எடுக்க வேண்டியது அந்தப் பிரிண்டர் இரண்டு (ஒன்று கெட்டால் அன்று லாரி போகாது, அதனால் இரண்டு), கையில் பிடிக்கும் ரீடர் ஒன்று. அவ்வளவுதான். கதவுக்குக் கதவு ரீடர் வேண்டாம், அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

பிரிண்டர் பற்றி இரண்டு விஷயம். புதுச் சுருள் மாட்டும்போதெல்லாம் அளவு சரிபார்க்கும் ஓட்டம் கட்டாயம், ஏனென்றால் பிரிண்டருக்குள் டேக்குகள் அடுத்தடுத்து நெருக்கமாக நிற்கின்றன, அளவு பிசகினால் இந்த லேபிளில் அச்சடித்துவிட்டு அடுத்த லேபிளின் சிப்பில் எழுதிவிடும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுமே தெரியாது, ஒரு பெட்டி தள்ளித் தள்ளி எல்லாமே தவறாகப் போகும். இன்னொன்று, சிப் எழுதவில்லை என்றால் பிரிண்டர் அந்த லேபிளின் மேல் ‘செல்லாது’ என்று பெரிதாக அடித்துத் தள்ளிவிட்டு அடுத்ததில் எழுதும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஒரு இடத்தில் இரவு ஷிஃப்டில் நின்று பார்த்தேன், ஒரு தம்பி அந்தச் செல்லாத லேபிள்களைக் கவனமாகச் சேர்த்து வைத்து, டேக் உரிந்துபோன பெட்டிகளுக்கு ஒட்டிக்கொண்டிருந்தான். கேட்டால், “வீணாப் போகுதே சார், பசை நல்லாத்தான் இருக்கு” என்றான். அவன் மேல் தப்பில்லை, அது என்னவென்று யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. பிரிண்டர் பக்கத்தில் ஒரு குப்பைக்கூடையும் பத்து நிமிஷப் பேச்சும் போதும். சுருள்களை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி அழுத்தாதீர்கள், சிப் இருக்கும் இடம் மேடாக இருக்கும், நசுங்கும். லேபிளைப் பெட்டியின் விளிம்பில் மடித்து ஒட்டினால் சிப்போ ஆன்டெனாவோ முறியும்.

இப்போது உங்கள் மூன்று வகைச் சரக்குக்கு வருகிறேன். இந்த டேக்குகள் வேலை செய்யும் அலை 860 முதல் 960 மெகாஹெர்ட்ஸ், அலைநீளம் ஏறத்தாழ 33 சென்டிமீட்டர். இந்த அலையைத் தண்ணீர் குடித்துவிடும், உலோகம் திருப்பி அடிக்கும், காய்ந்த துணியும் அட்டையும் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். ஆகவே துணிப்பெட்டி உங்களுக்குத் தலைவலி தராது, அங்கே பிரச்சினையே எதிர்மாறானது, வேண்டாத பெட்டியும் சேர்ந்து படிக்கும். பாத்திரமும் திரவமும்தான் படுத்தும்.

இதற்கு விற்பவர் சொல்வதை நம்பாமல் நீங்களே ஒரு சோதனை செய்யலாம், அரை நாள் ஆகும். நிஜமாகவே சரக்கு நிரப்பி மூடிய பெட்டி ஒன்று, கையில் பிடிக்கும் ரீடர், அளவு நாடா. பெட்டியை மர ஸ்டூல் மேல் வையுங்கள், இரும்பு மேஜை கூடாது. ரீடரை இரண்டு மீட்டர் தள்ளி அசையாமல் நிறுத்துங்கள், கையில் பிடித்தால் ஒவ்வொரு முறையும் கோணம் மாறும். டேக்கைப் பெட்டியில் ஒரு இடத்தில் ஒட்டி, ரீடரின் சக்தியை 30 டிபிஎம் வைத்துப் படியுங்கள், அது 1 வாட். பிறகு 27, அது அரை வாட். 24, கால் வாட். இப்படி ஒவ்வொரு மூன்றுக்கும் பாதி பாதியாகக் குறையும். எந்த அளவில் டேக் ஊமையாகிறது என்று குறித்துக்கொண்டு, டேக்கை வேறு இடத்துக்கு மாற்றி மறுபடி முதலிலிருந்து. மிகக் குறைந்த சக்தியிலும் பதில் சொல்கிற இடம்தான் நல்ல இடம். முழுச் சக்தியில் படிக்கிறதா இல்லையா என்று மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள், ஏனென்றால் விளிம்பில் நிற்கும் டேக் இங்கே படிக்கும், அங்கே வாடிக்கையாளர் கதவில் லாரியின் இரும்புக்குப் பக்கத்தில் படிக்காது.

நான் செய்த ஒரு சோதனையில் 12 பாட்டில் திரவப் பெட்டி, பக்கவாட்டின் நடுவில் ஒட்டிய டேக் 30 டிபிஎம்மிலும் மூச்சு விடவில்லை. அதே டேக்கை ஏழெட்டு சென்டிமீட்டர் மேலே நகர்த்தி, உள்ளே பாட்டிலின் கழுத்து வருகிற உயரத்தில் ஒட்டினேன், 21க்கு இறங்கியும் படித்தது. காரணம் எளிது: கழுத்துக்கும் கழுத்துக்கும் நடுவே காற்று இருக்கிறது, கீழே அட்டைக்குப் பின்னால் முழுக்கத் திரவம். பாத்திரப் பெட்டியிலும் இதே தேடல்தான், உள்ளே உலோகம் அட்டையைத் தொடாமல் தெர்மோகோலோ காகிதமோ இடைவெளி விட்டிருக்கும் பக்கத்தைக் கண்டுபிடியுங்கள். அப்படிப் பக்கமே இல்லை என்றால் பேக்கிங்கில் ஒரு மடிப்பு அட்டை கூடுதலாகச் செருகிப் பாருங்கள், அதுவும் போதாவிட்டால் அடியில் நுரை வைத்த டேக், அல்லது கொடி மாதிரி பெட்டியிலிருந்து நீட்டி நிற்கும் டேக். இவை விலை கூடினவை, கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் சோதனையில் கிடைத்த நல்ல இடம் வாடிக்கையாளர் ஆவணம் சொல்கிற எல்லைக்கு வெளியே விழுந்தால், சக்தி அளவுகளோடு சேர்த்து அனுப்பி விலக்கு கேளுங்கள். எண்ணோடு போனால் பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள். வெறும் புலம்பலோடு போனால் மாட்டார்கள்.

ஒன்றை மட்டும் இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். பிரிண்டர் ‘சரி’ என்று சொல்வது தனியாக இருக்கும் லேபிளைப் பற்றி. உங்கள் வாடிக்கையாளர் படிக்கப்போவது சரக்கு நிரப்பிய பெட்டியின் மேல் இருக்கும் லேபிளை. இரண்டும் ஒன்றில்லை. ஆகவே பெட்டி மேஜையை விட்டுப் போவதற்கு முன், ஒட்டிய பிறகு, ஒரு முறை படித்தாக வேண்டும்.

அப்படியானால் பேலட்டை எங்கே படிப்பது? கதவில் ரீடர் வைப்பது எல்லாருக்கும் முதலில் தோன்றும் யோசனை, பார்க்கவும் நன்றாக இருக்கும், முதலாளிக்குக் காட்டலாம். ஆனால் பக்கத்துக் கதவில் நிற்கும் பேலட்டும், பின்னால் போகிற ஃபோர்க்லிஃப்டில் இருக்கும் பெட்டியும் சேர்ந்து படித்துத் தொலைக்கும். சக்தியைக் குறைத்து, ஆன்டெனாவைத் திருப்பி, சென்சார் வைத்து அதை அடக்கலாம், அடக்கியும் இருக்கிறேன், ஆனால் அதற்கு நாள்கணக்கில் ஆகும். அதற்குப் பதில் பேலட்டைச் சுற்றும் பிளாஸ்டிக் மெஷின் இருக்கிறதே, சுழலும் தட்டு வகை, அதன் பக்கத்தில் ஒரு ரீடர் போதும். பேலட் மெதுவாக முழுச் சுற்றுச் சுற்றுகிறது, நாலு பக்கமும் ஆன்டெனா முன்னால் வருகிறது, ஒரு நிமிஷத்துக்கும் மேலாக நேரம் கிடைக்கிறது, சுற்றிலும் வேறு பேலட் வராமல் இடத்தை ஒதுக்கவும் முடியும். திரவப் பேலட்டின் நடுப்பெட்டி அங்கேயும் படிக்காமல் போகலாம், அதற்கு ஒரே வழி அடுக்கும்போதே ஒவ்வொன்றாகப் படித்து, ‘இந்த எஸ்எஸ்சிசி பேலட்டில் இந்த இந்தப் பெட்டிகள்’ என்று கணினியில் கோத்துவிடுவது. ஆனால் இந்த ரீடரைக்கூட முதல் மாதமே வாங்க வேண்டியதில்லை. கையடக்க ரீடரை வைத்து ஓட்டிப் பாருங்கள், எங்கே ஆள் திணறுகிறார் என்று தெரிந்த பிறகு வாங்கலாம்.

ரீடர் வாங்கும்போது அது உங்கள் நாட்டு அலைவரிசைக்கு உரியதா என்று பார்த்து வாங்குங்கள், அமெரிக்காவில் 902 முதல் 928 மெகாஹெர்ட்ஸ், ஐரோப்பாவில் பெரும்பாலும் 865 முதல் 868. டேக் பொதுவாக எல்லா ஊருக்கும் செல்லும், ரீடர் அப்படிச் செல்லாது.

இனி பிடித்தம். டேக் வந்த பிறகு வேதனை தருவது ஏஎஸ்என்தான். இதுவரை கடைசி நிமிஷத்தில் லாரியில் இடமில்லை என்று இரண்டு பெட்டியை இறக்கி அடுத்த லாரியில் போட்டிருப்பீர்கள், ஏஎஸ்என் ஏற்கெனவே போயிருக்கும், அந்தப் பக்கத்தில் யாரும் எண்ணியிருக்க மாட்டார்கள், இரண்டு நாளில் எல்லாம் நேராகியிருக்கும். இனி லாரி கதவைத் திறந்த அன்றே அது தெரிந்துவிடும். ஏஎஸ்என்னை லோடு முடிந்து கதவு மூடிய பிறகே அனுப்புவது என்று ஒரு விதியை வையுங்கள், வேறு எந்தக் கருவியையும்விட அது அதிகம் காப்பாற்றும். அப்புறம், ஒவ்வொரு பெட்டியையும் நீங்கள் கடைசியாகப் படித்த நேரம், 24 எழுத்து எண், எந்த ரீடர் என்ற மூன்றையும் ஒரு கோப்பில் சேமித்து வையுங்கள், குறைந்தபட்சம் பிடித்தத்தை எதிர்த்துக் கேட்கக் கெடு இருக்கும் வரை. ‘உங்கள் பெட்டி வரவில்லை’ என்று டெபிட் நோட்டு வந்தால் உங்களிடம் சாட்சி இருக்கும். சாட்சி இல்லாத கிடங்குகள் வந்த நோட்டையெல்லாம் கட்டிக்கொண்டே இருக்கின்றன.

சிப்பைப் பூட்டச் சொல்லி ஆவணத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள். எண்ணை மாற்ற முடியாமல் பூட்டும் வசதி உண்டு, நல்லதுதான், ஆனால் நிரந்தரமாகப் பூட்டிய பிறகு தவறு தெரிந்தால் லேபிளைக் கிழித்து எறிவதுதான் வழி. முதல் சில வாரம் பூட்டாமல் அனுப்ப அனுமதி கேளுங்கள்.

உங்களுக்கு என்ன பலன் என்று கேட்டிருந்தீர்கள். நேராகச் சொல்கிறேன், மூன்றில் ஒரு பங்குச் சரக்குக்கு மட்டும் டேக் ஒட்டி, ஒட்டிய கையோடு வெளியே அனுப்பிவிட்டால் உங்களுக்குப் பலன் பெரிதாக இல்லை, அது அந்த வாடிக்கையாளரைத் தக்கவைத்துக்கொள்ளும் செலவு, அப்படியே கணக்கெழுதுங்கள், அடுத்த விலைப் பேச்சில் எடுத்து வையுங்கள். சரக்கு எண்ணும் வேலை பத்தில் ஒன்றாகிவிடும் என்று விற்பவர் சொல்வது, சரக்கு உங்களிடம் உள்ளே வரும்போதே டேக்கோடு வந்தால்தான். நீங்களோ கடைசிக் கட்டத்தில் ஒட்டுகிறீர்கள். நிஜமான பலன் இரண்டு இடத்தில் வரும்: தவறான லாரியில் ஏறும் பெட்டி வெளியே போவதற்கு முன் பிடிபடும், பிடித்தத் தகராறில் மேலே சொன்ன சாட்சி கிடைக்கும். ஆறு மாதம் கழித்து இந்த இரண்டையும் எண்ணிப் பாருங்கள், அப்போது மீதிச் சரக்குக்கும் டேக் போடலாமா என்று யோசிக்கலாம், அதற்கு முன் வேண்டாம்.

முழுமூச்சாக இறங்குவதற்கு முன் ஒரு சின்ன அனுப்புகை. ஒரு பேலட், மூன்று வகைச் சரக்கும் கலந்து, ஏஎஸ்என்னோடு. அவர்கள் படித்த 24 எழுத்துப் பட்டியலை அப்படியே திருப்பி அனுப்பச் சொல்லுங்கள், ‘எல்லாம் ஓகே’ என்ற பதில் போதாது, பட்டியல் வேண்டும். உங்கள் பட்டியலோடு வரிக்கு வரி ஒட்டிப் பாருங்கள்.

ரேக்கில் இருக்கும் பெட்டிகளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அவற்றை இறக்கி ஒட்ட ஆரம்பிக்காதீர்கள். எந்தப் பெட்டி யாருக்குப் போகும் என்று இன்னும் தெரியாது, பாதி வேறு வாடிக்கையாளர்களுக்குப் போகும், அந்த டேக் வீண். ஆர்டர் வந்து பெட்டி ரேக்கிலிருந்து இறங்கும்போது அந்தப் பேக்கிங் மேஜை வழியாகவே போகட்டும், பழைய லேபிளை முழுக்க மறைக்கிற மாதிரி புது லேபிள் மேலே ஒட்டட்டும். பழைய பார்கோடு ஓரத்தில் எட்டிப் பார்த்தால் அவர்கள் ஸ்கேனர் அதைத்தான் முதலில் பிடிக்கும்.